சுற்றுச்சூழல் இயக்கத்தை எதிர்த்த எழுத்து: சேர்வராயன் மலையில் வைத்துப் பார்த்தால்

மலையில் தாது இருந்தால் எடுப்பதா, மலையை மலையாகவே விடுவதா? இந்தக் கேள்விக்குச் சுற்றுச்சூழல் இயக்கம் சொல்லும் பதில் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள், நெடுஞ்செழியன் தொடங்கிய ‘பூவுலகின் நண்பர்கள்’ வெளியிட்ட சிறு நூல்கள், நம்மாழ்வாரின் பேச்சு என்று அதற்குத் தமிழிலேயே ஒரு மரபு உண்டு. எதிர்த்தரப்பு எழுத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. கம்பெனிக்காரர்கள் எழுதவைத்தது என்ற ஒரே வரியில் அது பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. அந்த எழுத்துக்கும் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் எளிதில் உடையும் வாதங்களும் உண்டு. இயக்கம் இன்றுவரை நேராகப் பதில் சொல்லாத வாதங்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பதைவிட ஒரு மலையை எடுத்துக்கொண்டு பார்ப்பதே பயன்தரும் என்று தோன்றுகிறது. இங்கே எடுத்துக்கொள்ளும் மலை, ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன்.

ஏன் இந்த மலை

சேலத்துக்கு வடக்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. மலையின் உச்சிப் பரப்பில் பாக்சைட் இருக்கிறது. சார்னோகைட் பாறை நெடுங்காலம் மழையில் கரைந்து, கரையக்கூடியவை எல்லாம் கழுவிப்போக, அலுமினியமும் இரும்பும் செறிந்து நின்ற மேலடுக்குதான் அது. இங்கேதான் சிக்கலின் முடிச்சு. தாது கிடப்பது மலையின் வயிற்றில் அல்ல, தலையில். மழைநீர் முதலில் இறங்கித் தேங்குவதும் அந்தத் தலையில்தான். சரபங்கா, திருமணிமுத்தாறு, வாணியாறு மூன்றும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. முதல் இரண்டும் காவிரிக்குப் போகின்றன. வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது.

மேட்டூரில் 1960-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான பாக்சைட் சேர்வராயனிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் போனது. 1995-ல் நிறுவனம் ஸ்டெர்லைட் கைக்கு மாறியது. 2000-களில் பியூஷ் மனுஷ் உள்ளிட்ட சேலத்துச் செயற்பாட்டாளர்கள் சுரங்கங்களை எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய கேள்விகளும் எழுந்தன. உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்த 2008-ன் இறுதியில் மேட்டூரில் உலோக உற்பத்தி நின்றது.

பாக்சைட்டுக்கு முன்பே இந்த மலை ஒருமுறை உருமாறியிருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியையும் பழமரங்களையும் கொண்டுவந்தார். காடு தோட்டமானது. இன்று பச்சை என்று பயணிகள் படமெடுக்கும் காட்சியில் பெரும்பகுதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிழலில் எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்ட காபிச்செடி, அதன்மேல் படர்ந்த மிளகுக்கொடி. இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் இன்றும் இங்கே இருக்கிறார்கள். காக்கவேண்டிய இயற்கை எது, யாருக்காக, எந்தக் காலத்து மலையை அளவாக வைத்து என்ற கேள்விகளை இந்த மலை மறைத்துவைப்பதே இல்லை.

வறுமை முதலில்: 1972-ன் வாதம்

இயக்கத்துக்கு எதிரான வாதங்களில் மிகப் பழையதும் மிக மதிக்கத்தக்கதும் வறுமையைப் பற்றியது. 1972 ஜூனில் ஸ்டாக்ஹோம் ஐ.நா. மாநாட்டில் இந்திரா காந்தி பேசினார். விருந்தோம்பிய சுவீடனின் பிரதமரைத் தவிர அங்கே வந்திருந்த ஒரே அரசுத் தலைவர் அவர். வறுமையும் இல்லாமையும்தானே பெரிய மாசு என்ற பொருளில் அவர் எழுப்பிய கேள்வி, பின்னாளில் தீர்ப்பைப் போல மேற்கோள் காட்டப்பட்டது. தொழில் வரட்டும், வயிறு நிறையட்டும், பிறகு ஆற்றைச் சுத்தம் செய்யலாம் என்று வாதிட்டவர்கள் அதைத் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். அதே இந்திராவின் ஆட்சியில்தான் அந்த ஆண்டே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இந்த வாதத்தின் பலம், அது கேட்கும் கேள்வி உண்மையானது என்பதில் இருக்கிறது. மலையில் வேலை இல்லாததால்தான் மலையாளி இளைஞர்கள் கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் இறங்குகிறார்கள். சுரங்கம் வேண்டாம் என்பவர் இவர்களுக்கு என்ன சொல்வார்? பலவீனம் அதன் கணக்கில் இருக்கிறது. 1 டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 டன் பாக்சைட்டும் சுமார் 14,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். இந்தத் தொழில் பெருமளவு விழுங்குவது மின்சாரத்தை. மலைமேல் அது கேட்கும் ஆட்கள் ஒப்பளவில் குறைவு. உலோகத்தின் மதிப்பு கூடுவது மேட்டூரில், பிறகு நகரங்களில். குழி மட்டும் மலையில் நிற்கிறது. ஏழையின் பெயரால் பேசப்படும் திட்டத்தின் பலன் அந்த ஏழைக்கு எவ்வளவு போகிறது என்று இடம் இடமாகக் கணக்கிடாதவரை இந்த வாதம் பாதி வாதம்தான்.

ஜூலியன் சைமன்: உலோகத்தின் மீது பந்தயம்

சுற்றுச்சூழல் இயக்கத்தை எதிர்ப்பதையே வாழ்நாள் எழுத்தாக்கிக்கொண்டவர்களில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜூலியன் சைமன் முதன்மையானவர். தொடக்கத்தில் அவரும் மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சியவர்தான். குடும்பக் கட்டுப்பாட்டை மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று விற்பனையியல் நோக்கில் ஆராய்ந்தவர். புள்ளிவிவரங்களுக்குள் போகப்போக, மக்கள் பெருகினால் வறுமை பெருகும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1981-ல் அவர் வெளியிட்ட ‘தி அல்டிமேட் ரிசோர்ஸ்’ நூல், மனித அறிவே இறுதி வளம் என்று வாதிட்டது. ஒரு பொருள் அரிதானால் விலை ஏறும். விலை ஏறினால் மாற்றுப்பொருள் தேடுவார்கள், புதிய சுரங்கம் காண்பார்கள், பழையதை உருக்குவார்கள். முடிவில் விலை முன்பைவிடக் குறையும். இதுதான் அவர் தர்க்கம்.

இந்திய வாசகருக்கு இதில் அறச்சார்பான ஓர் ஈர்ப்பு உண்டு, அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. சைமன் எதிர்த்துநின்ற பால் எர்லிக், 1968-ல் வந்த ‘தி பாப்புலேஷன் பாம்’ நூலைத் தொடங்குவதே டெல்லியின் நெரிசலான தெரு ஒன்றில் டாக்ஸியில் போன காட்சியோடுதான். அங்கே இந்திய ஏழையின் உடம்பே அபாயத்தின் படமாகிவிடுகிறது. அந்த அச்சம் கொள்கையாகி, நெருக்கடிநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடைவரை போனது. மக்கள் சுமை அல்லர் என்று சைமன் எழுதியது நமக்கும் சேர்த்து எழுதப்பட்டது.

1980-ல் எர்லிக்கும் அவர் தோழர்கள் இருவரும் சைமனோடு பந்தயம் கட்டினார்கள். தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்று ஐந்து உலோகம், ஒவ்வொன்றிலும் 200 டாலர் மதிப்பு, பத்தாண்டு கெடு. பணவீக்கம் கழித்து விலை ஏறினால் எர்லிக் வெற்றி, இறங்கினால் சைமன் வெற்றி. அந்தப் பத்தாண்டில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது. ஐந்தின் விலையும் இறங்கியது. 1990 அக்டோபரில் எர்லிக் தரப்பிலிருந்து 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை வந்தது.

பின்வந்த பொருளியலாளர்கள் வேறு வேறு பத்தாண்டுகளை எடுத்துக் கணக்கிட்டு, பல கட்டங்களில் எர்லிக் வென்றிருப்பார் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே வெற்றியில் காலத்தின் தயவும் இருந்தது. ஆனாலும் அடிப்படை வாதத்தை அது பெரிதாகக் குலைப்பதாகத் தெரியவில்லை. சேர்வராயன் மலையே சைமனுக்கு ஒரு சாட்சி. இங்கே சுரங்கம் நின்றது, மேட்டூர் உலை அணைந்தது. அதனால் எந்த வீட்டிலும் அலுமினியப் பாத்திரம் இல்லாமல் போகவில்லை. ஒடிசாவின் தாது வந்தது, பழைய உலோகத்தை உருக்கி எடுத்தது வந்தது. பழையதை உருக்க, புதிதாக எடுப்பதில் ஏறத்தாழ 5 சதவீத மின்சாரமே போதும்.

பெரிதும் பேசப்படாத ஒரு பின்கதை இதற்கு உண்டு. 1995-ல் சைமன் மறுபடி பந்தயத்துக்கு அழைத்தார். எர்லிக்கும் காலநிலை அறிஞர் ஸ்டீபன் ஷ்னைடரும் இந்த முறை வேறு பட்டியல் கொடுத்தார்கள்: வெப்பமண்டலக் காட்டின் பரப்பு, விளைநிலத்தின் மண், கடல்மீன் போன்ற 15 அளவீடுகள். சைமன் ஏற்கவில்லை. இவை மனித நலனின் நேரடி அளவீடுகள் அல்ல என்பது அவர் காரணம்.

சைமனின் எழுத்து வாழ்க்கை முழுவதையும் எடைபோட இந்த மறுப்பு ஒன்றே போதுமானது என்பது என் கணிப்பு. உலோகத்துக்கு மாற்று உண்டு என்று அவர் நிறுவினார். மலைக்கு மாற்று உண்டு என்று அவர் நிறுவவில்லை, அந்தப் பந்தயத்துக்கு வரவும் இல்லை. சேர்வராயன் மலைக்கு மட்டுமே உரிய, மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறுமரம் இன்று மிக அருகிவிட்டது. அதற்குச் சந்தையில் விலை கிடையாது. ஆகவே அது அரிதாகும்போது ஏறவேண்டிய விலையும் கிடையாது. எச்சரிக்கை மணி விலைதான் என்று நம்பும் கோட்பாட்டில், விலை இல்லாத பொருள் ஓசையில்லாமல் மறைந்துபோகும். சரபங்காவின் ஊற்றுக்கும் இதே நிலை. பாக்சைட் கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வியில் சைமன் சொன்னது சரி. மலைமேல் எழுந்த கேள்வி அதுவல்ல.

லோம்போர்க்: எது முதலில் என்ற பட்டியல்

டென்மார்க்கின் புள்ளியியல் ஆசிரியர் பியோர்ன் லோம்போர்க், தாம் கிரீன்பீஸ் ஆதரவாளராக இருந்ததாகச் சொல்பவர். சைமனைப் பற்றி 1997-ல் வந்த ஒரு நேர்காணலைப் படித்துவிட்டு, மாணவர்களோடு சேர்ந்து அவர் தவறு என்று நிறுவப் புறப்பட்டு, பெரும்பாலும் சைமன் சொன்னதே சரி என்று திரும்பியதாக எழுதினார். எதிரணியில் தொடங்கி இந்தப் பக்கம் வந்தவர் என்ற கதையே இந்த வகை எழுத்தாளர்களுக்கு ஒரு தகுதிச்சான்றாக அமைந்துவிடுகிறது. மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்த்துவிட்டு 2013-ல் ஆதரிக்கத் தொடங்கிய பிரிட்டிஷ் எழுத்தாளர் மார்க் லைனஸின் கதையும் இதே வார்ப்பு.

2001-ல் ஆங்கிலத்தில் வந்த ‘தி ஸ்கெப்டிகல் என்விரான்மென்டலிஸ்ட்’ பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 2003 ஜனவரியில் டென்மார்க்கின் அறிவியல் நேர்மைக் குழு நூலைக் கடுமையாகக் குறைகூறியது. அதே ஆண்டு டிசம்பரில் அறிவியல் அமைச்சகம், குழுவின் முடிவு போதிய ஆதாரமில்லாதது என்று திருப்பி அனுப்பியது. 2004-ல் அவர் கூட்டிய கோபன்ஹேகன் கன்சென்சஸ் பொருளியலாளர்கள், எய்ட்ஸ் தடுப்பையும் ஊட்டச்சத்தையும் பட்டியலின் தலையில் வைத்து, காலநிலைத் திட்டங்களைக் கடைசிக்குத் தள்ளினார்கள். ராஜஸ்தானிலும் ஆந்திராவிலும் டாடா அறக்கட்டளைகளோடு சேர்ந்து இதேபோன்ற முன்னுரிமைப் பட்டியல்கள் தயாராயின.

கையிலிருக்கும் பணம் அளவானது, எதற்கு முதலில் என்று கேட்டே ஆகவேண்டும் என்பது நேர்மையான கேள்வி. சிக்கல் அதன் வட்டிக்கணக்கில். ஆண்டுக்கு 5 சதவீதம் கழிவு வைத்தால், நூறு ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய் நன்மையின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 76 காசு. பேரன் காலத்து ஊற்றுநீர் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கழிவு வீதத்தை எவ்வளவு வைப்பது என்பது அறிவியல் முடிவல்ல, அறத்தைச் சார்ந்த முடிவு. லோம்போர்க்கின் எழுத்தில் அது அட்டவணைக்குள் புதைந்துவிடுகிறது.

இடப்பக்கத்திலிருந்து வந்த விமர்சனம்

இயக்கத்துக்குள் இருந்தே வந்த விமர்சனம் வேறு வகை. 1989-ல் ராமச்சந்திர குஹா, மனிதர் இல்லாத தூய காடு என்ற அமெரிக்கக் கனவை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதைத் தாக்கி எழுதினார். புலிக்காகப் பழங்குடியை வெளியேற்றுவது ஏழையிடமிருந்து பறித்துப் பணக்காரருக்குக் கொடுப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். 1991-ல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், காலநிலைப் பொறுப்பை ஏழை நாடுகள் தலையில் கட்டுவதை எதிர்த்து எழுதினார்கள். இவர்களைச் சுற்றுச்சூழல் எதிர்ப்பாளர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இயக்கத்துக்கு மிக ஆழமான அடி கொடுத்தவை இந்த எழுத்துகள்தான்.

சேர்வராயனில் இது கூர்மையாகத் தைக்கிறது. 1882-ன் சென்னை வனச்சட்டத்துக்குப் பிறகு காப்புக்காட்டின் எல்லைகள் மலையாளிகளின் பழைய புழக்கத்துக்குக் குறுக்கே வந்தன. ஒரு பக்கம் எஸ்டேட், மறுபக்கம் ரிசர்வ் காடு, நடுவில் சாமைக்காடு. காட்டைக் காத்தது என்று வரலாற்றில் பெயர் பெற்ற துறையே அவர்களைப் பொறுத்தவரை முதலில் வேலி போட்ட துறை. எஸ்டேட் உரிமையாளரும் விடுதிக்கு வரும் நகரத்தாரும் சுரங்கத்தை எதிர்க்கும்போது, அந்த எதிர்ப்பில் மலையாளியின் குரல் எவ்வளவு, மற்றவர்களின் கண்ணுக்கினிய காட்சி எவ்வளவு என்று கேட்பது நியாயமே. சுரங்கம் போனபின் விடுதிகளும் வீட்டுமனைகளும் மலையேறின. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி இருந்தும் கட்டடங்கள் பெருகிய வேகத்தை, பாக்சைட் லாரிகளை எதிர்த்த அளவுக்கு யாரும் எதிர்த்ததாகச் சொல்லமுடியாது.

இன்னொன்றும் உண்டு. இங்கே நின்ற சுரங்கத்தின் பாரம் வேறொரு மலைக்குப் போயிற்றா? தூத்துக்குடியில் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின்மீது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தபின் ஆலை மூடப்பட்டது. அதுவரை தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா இறக்குமதி நாடானது. ஆலையை ஆதரித்து எழுதியவர்கள் இதையே முதல் சான்றாக வைத்தார்கள். அந்தத் தாமிரத்தை உருக்கும் புகை எந்த ஊரின்மேல் படிகிறது என்ற கேள்வியை அவர்கள் கேட்ட நோக்கம் எதுவாயினும், கேள்வி தள்ளிவிடத்தக்கதல்ல.

தமிழ்நாட்டில் எதிர்வாதம் பேசிய குரல்கள்

சைமனையும் லோம்போர்க்கையும் போல, இயக்கத்தை எதிர்ப்பதே எழுத்து வாழ்க்கையாகக் கொண்டவர் தமிழில் பரவலாக அறியப்படவில்லை. அணுப்பொறியாளர் சி. ஜெயபாரதன் திண்ணை இதழில் அணுசக்தியை ஆதரித்து எழுதியதை ஓரளவு அதற்கு அருகில் வைக்கலாம். மற்றபடி எதிர்வாதம் இங்கே பதவியின் குரலாகவே வந்தது. 2011 நவம்பர் 6 அன்று கூடங்குளத்தைப் பார்வையிட்ட அப்துல் கலாம், அணு உலை பாதுகாப்பானது என்று அறிவித்தார். அவரும் வெ. பொன்ராஜும் எழுதிய நீண்ட கட்டுரையும் ‘தி இந்து’வில் வெளியானது. ஆற்றல் இல்லாமல் வளர்ச்சி இல்லை, அச்சத்தை அறிவால் வெல்லலாம் என்பது அதன் போக்கு. தொழில்நுட்ப விளக்கத்தில் அது பொறுமையானது. அஞ்சும் உரிமை மீனவருக்கு உண்டா, முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு இடம் உண்டா என்ற கேள்விக்குள் அது நுழையவில்லை.

2014 ஜூனில் வெளியே கசிந்த உளவுத்துறை அறிக்கை, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளின் போராட்டங்கள் நாட்டின் வளர்ச்சியை ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் இல்லை. வாதத்தைவிட்டு வாதிடுபவரின் பணப்பையைச் சோதிக்கும் இந்த வழி, இருதரப்புக்கும் பொதுவான நோய். நவோமி ஒரெஸ்கஸும் எரிக் கான்வேயும் 2010-ல் எழுதிய நூல், புகையிலை முதல் புவிவெப்பம்வரை ஐயத்தை விதைத்த அறிவியலாளர்கள் சிலரின் பின்புலத்தை ஆவணங்களோடு காட்டியது. அது ஆதாரத்தோடு செய்யப்பட்ட வேலை. ஆதாரமில்லாமல் செய்தால் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வசைதான்.

சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை 2018-ல் அறிவிக்கப்பட்டபோது பழைய வாதங்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. 277 கி.மீ., சுமார் 10,000 கோடி ரூபாய். சேர்வராயனின் கிழக்கோர மஞ்சவாடிக் கணவாய் வழியே பாதை. எரிபொருள் மிச்சம், பயண நேரம் மிச்சம், தொழில் வளரும் என்றது அரசு. கிணறும் தென்னையும் போகும் என்றார்கள் உழவர்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்துசெய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று கூறி, புதிய அறிவிக்கைக்கு வழிவிட்டது. இரண்டு தீர்ப்புகளும் எந்த அனுமதி எப்போது என்ற நடைமுறையைச் சுற்றியே அதிகம் சுழன்றன. சாலையின் பலன் பெரிதா மலையடிவாரத்தின் இழப்பு பெரிதா என்ற மூலக்கேள்வி நீதிமன்றத்திலும் முழுதாக எடைபோடப்படவில்லை.

தீராமல் நிற்பவை

இயக்கத்தை எதிர்த்த எழுத்து, நாட்டுச் சராசரியிலும் உலகச் சராசரியிலும் பேசும்போது வலுவாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு இறங்கும்போது தடுமாறுகிறது. இயக்கத்தின் எழுத்து இதற்கு நேர்மாறு: தன் மலையைப் பற்றிச் சொல்லும்போது உறுதியாகவும், மாற்று என்ன, பாரம் எங்கே போகும் என்று கேட்கும்போது தளர்ந்தும் நிற்கிறது. இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால், சேர்வராயனில் பாக்சைட்டை நிறுத்தியது சரியான முடிவு என்றே படுகிறது. உலோகத்துக்கு வேறு வழி இருந்தது, உச்சிப் பரப்புக்கு இல்லை.

ஆனால் அந்த மேலடுக்கு நீரை எவ்வளவு தேக்கித் தருகிறது என்பதில் நிலவியலாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. தாது எடுத்த இடத்திலும் எடுக்காத இடத்திலும் ஊற்றுகளைக் கோடையிலும் மழையிலும் பல ஆண்டுகள் அளந்து ஒப்பிட்டால்தான் அது தெளியும். குழிகளை மூடி மரம் நட்டால் பழைய நீரோட்டம் திரும்புமா என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

யார் முடிவெடுப்பது என்பது இன்னொன்று. ஒடிசாவின் நியமகிரியில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2006-ன் வன உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது, ஆனால் வன உரிமைச் சட்டம் இங்கும் பொருந்தும். சேர்வராயன் மலையாளிகளின் சமூக வன உரிமை முழுதாக ஏற்கப்பட்டால், சுரங்கம் மட்டுமல்ல, விடுதி, சாலை, ஏன் வனத்துறையின் நடவுத்திட்டமும்கூட அவர்கள் சபைக்கு வந்தாகவேண்டியிருக்கும். அந்தச் சபை சுரங்கத்துக்குச் சம்மதித்தால் இயக்கம் என்ன சொல்லும், விடுதிகளை மறுத்தால் வளர்ச்சி எழுத்தாளர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு இரு தரப்பு எழுத்திலும் இன்னும் விடை இல்லை.